ஒருமுறை கேடி என்றால் எப்போதும் கேடியா?

“தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.” சிறைக்குப் போய் வந்த ஒருவனைப் பற்றிப் பேச்செடுத்தால், குன்றத்தூரில் அந்தப் பேச்சை முடித்துவைக்க இந்த ஒரு பழமொழி போதும். டீக்கடையில் சொல்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சொல்கிறார்கள். வாடகை வீடு பேசிமுடிக்கும் தரகர் சொல்கிறார். 2023 ஆகஸ்ட் 1 அன்று கூடுவாஞ்சேரி அருகே, வாகனச் சோதனையின்போது தங்களைத் தாக்கியதாகக் காவல்துறை கூறிய இருவர் சுட்டுக்கொல்லப்பட்டபோதும் இதைத்தான் கேட்டேன். வழக்கு, விசாரணை, தண்டனை, விடுதலை என்று சட்டம் வகுத்த படிகள் எதுவும் தேவையில்லை, கெட்டவன் கெட்டவன்தான் என்ற நிம்மதி அந்தக் குரல்களில் இருந்தது. அந்த நிம்மதியை எதிர்த்தே இதை எழுதுகிறேன்.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் குறைக்காமல் வைத்துவிடுகிறேன். குற்றம் செய்து பழகியவன் மாற மாட்டான். ‘திருந்திவிட்டேன்’ என்பது ஜாமீனுக்குச் சொல்லும் வார்த்தை. ‘ரவுடி’ என்ற முத்திரை ஊருக்கு வைத்த எச்சரிக்கைப் பலகை. அது இருந்தால்தான் வேலை கொடுப்பவரும் வீடு கொடுப்பவரும் பெண் கொடுப்பவரும் தப்பிக்க முடியும். விடாமல் கண்காணித்தால்தான் அப்படிப்பட்டவன் அடங்கிக் கிடப்பான். இந்த அவமானம் அவனே தேடிக்கொண்டது. மறுவாழ்வு என்பதெல்லாம் செய்து பார்த்தாயிற்று, பயனில்லை. பாதிக்கப்பட்டவர் வீட்டில் அழுகை ஓயாதபோது குற்றவாளிக்காகப் பரிந்து பேசுவது அநீதி. கறாராக இருப்பதுதான் நம் பண்பாடு.

இதைச் சொல்பவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஏரியும் வயலுமாக இருந்த இந்தச் சென்னைப் புறநகர்ப் பகுதியில் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வந்தது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் வந்தன. நிலத்தின் விலை ஏற ஏற, போலிப் பத்திரமும் கட்டப்பஞ்சாயத்தும் ஏறின. ஆலைகளின் பழைய இரும்பை யார் எடுப்பது, ஆள் சப்ளை யாருக்கு என்ற போட்டியில் அரிவாள் நுழைந்தது. தாம்பரத்துக்கென்று தனியாக ஒரு காவல் ஆணையரகம் 2022 ஜனவரியில் தொடங்கும் அளவுக்குப் புறநகர் பெருத்துவிட்டது. மாமூல் கொடுத்துச் சலித்த கடைக்காரரிடம் போய் ‘பயப்படாதீர்கள்’ என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

பயம் உண்மையானது. அதற்குச் சொல்லப்படும் மருந்துதான் தவறு. முத்திரை குற்றத்தைத் தடுப்பதில்லை, குற்றத்துக்கு ஆள் சேர்க்கிறது. ஆகவே பாதுகாப்பை விரும்புகிறவர்களே அதை முதலில் எதிர்க்க வேண்டும். என் மறுப்புகளை வரிசையாக வைக்கிறேன்.

1. ‘மாறவே மாட்டான்’: யார் எண்ணிப் பார்த்தார்கள்?

எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு. அவர்கள் கண்டது நேர் எதிரானது. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிச் சீர்திருத்தப் பள்ளிகளில் அடைக்கப்பட்டிருந்த 500 சிறுவர்களைப் பற்றி குளூக் தம்பதியர் 1940-களில் விரிவான குறிப்புகள் எடுத்தார்கள். அதே சிறுவர்கள் எழுபது வயது ஆகும்வரை என்ன ஆனார்கள் என்பதை ஜான் லாப், ராபர்ட் சாம்ப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் பிற்பாடு தேடித் தொகுத்தார்கள். சிலர் இருபதுகளில், சிலர் நாற்பதுகளில் என்று காலம் மாறினாலும், ஏறக்குறைய எல்லோருமே ஒரு கட்டத்தில் குற்றத்தை விட்டுவிட்டார்கள். விட்டவர்களின் கதைகளில் திரும்பத் திரும்ப வந்தவை நிலையான வேலை, நல்ல மணவாழ்க்கை, பழைய கூட்டத்திலிருந்து பிரித்தெடுத்த ஓர் இடமாற்றம்.

இன்னும் துல்லியமான கணக்கும் இருக்கிறது. ஆல்ஃபிரட் புளூம்ஸ்டைன், கிமினோரி நாகமுரா இருவரும் நியூயார்க் மாநிலத்தின் கைதுப் பதிவுகளை வைத்து 2009-ல் ஒரு கேள்விக்கு விடை தேடினார்கள்: ஒருமுறை கைதானவர் எத்தனை ஆண்டு குற்றமில்லாமல் இருந்தால், அவரால் வரும் ஆபத்து அதே வயதுள்ள மற்றவர்களின் அளவுக்கு இறங்கும்? பதினெட்டு வயதில் கொள்ளை வழக்கில் கைதானவருக்கு ஏறக்குறைய எட்டு ஆண்டு. வீடு புகுந்து திருடியவருக்கு நான்கு ஆண்டு. அதற்குப் பிறகும் அந்தப் பழைய வழக்கை வைத்து அவரை அளப்பது கணக்குப்படியே பிழை.

‘என் அனுபவத்தில் ஒருவனும் திருந்திப் பார்த்ததில்லை’ என்பவர்களுக்கும் பதில் உண்டு. நாம் பார்ப்பது திரும்பத் திரும்பப் பிடிபடுகிறவனை மட்டுமே. அவன் பெயர்தான் நாளிதழில் வருகிறது. திருந்தியவன் கண்ணில் படமாட்டான். ஊர் மாறி, ‘உள்ளே’ இருந்த ஆண்டுகளுக்கு ‘துபாயில் இருந்தேன்’ என்று கணக்குச் சொல்லி, தன் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாமல் வாழ்கிறான். சொன்னால் வேலை போகும், மகளின் கல்யாணம் நிற்கும் என்பதால் மறைக்கிறான். அதாவது, முத்திரை தனக்கு எதிரான சாட்சிகளைத் தானே ஒளித்துவைக்கிறது. பிறகு சாட்சியே இல்லை என்று வாதாடுகிறது.

2. ‘எச்சரிக்கைப் பலகை’: அதை யார் படித்துப் பயனடைகிறார்கள்?

ஊர் அல்ல, ஆள் பிடிக்கிறவன். இருபத்திரண்டு வயதில் ஓர் அடிதடி வழக்கில் புழல் சிறைக்குப் போய் வந்த ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரகடத்தில் ஒப்பந்த வேலைக்குப் போனால் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று கேட்கிறார்கள். காவலாளி வேலைக்கும் கேட்கிறார்கள். பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கும் கேட்கிறார்கள். ஆறு மாதம் இப்படிக் கழிகிறது. ஏழாவது மாதம், எந்தச் சான்றும் கேட்காமல் கையில் பணத்தை வைப்பவன் ஒருவன் வருகிறான். அவனிடம் இவனுடைய வழக்கு ஒரு குறையல்ல, தகுதி. நாம் மூடிய ஒவ்வொரு கதவும் அந்த ஒரே வாசலுக்குத்தான் இவனை நகர்த்தியது.

வேலை தருபவர் உண்மையிலேயே அவ்வளவு தயங்குகிறாரா என்று சந்தேகப்படுபவர்களுக்காக ஒரு சோதனையைச் சொல்கிறேன். டீவா பேஜர் என்ற சமூகவியலாளர் மில்வாக்கி நகரில், ஒத்த தகுதியுள்ள இளைஞர்களை வேலை தேடி அனுப்பினார். சிறைக்குப் போனதாகச் சொல்வது மட்டும்தான் வேறுபாடு. 2003-ல் வெளியான முடிவு இது: சிறைப் பதிவு இல்லாத வெள்ளையரில் 34 விழுக்காட்டினருக்கு மறு அழைப்பு வந்தது, பதிவு இருந்தால் 17. கறுப்பினத்தவரில் பதிவு இல்லாதவருக்கு 14, இருந்தால் 5. முத்திரை வாய்ப்பைப் பாதியாக்குகிறது. ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவர் மேல் விழும்போது இன்னும் ஆழமாக வெட்டுகிறது. ‘அமெரிக்காவில் நிறம், இங்கே என்ன?’ என்று கேட்கத் தேவையில்லாத நாட்டில் நாம் இருக்கிறோம்.

முத்திரை இன்னொரு வேலையும் செய்கிறது. அது ஆளின் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. ‘கேடி’ என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அது தமிழ்ச் சொல் அல்ல. காவல் நிலையப் பதிவேட்டில் ‘அறியப்பட்ட கொள்ளைக்காரன்’ என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். பதிவேட்டுக் குறி ஒன்று மனிதனின் பெயராகிவிட்டது. இன்று அது ‘ஏ பிளஸ் ரவுடி’, ‘சரித்திரப் பதிவேடு குற்றவாளி’ என்று நீள்கிறது. பெயருக்கு முன்னால் ஒட்டிய பட்டப்பெயரை நாளிதழும் தொலைக்காட்சியும் விடாமல் சொல்கின்றன. தெருவில் கூலிக்காரன் மகன் என்று ஒருவரும் திரும்பிப் பார்க்காத பையனுக்கு, இதுவே அவன் வாழ்க்கையில் கிடைத்த முதல் பட்டம்.

அந்தப் பட்டம் கிரீடமாவதை நம் பக்கத்திலேயே பார்த்தோம். 2018 பிப்ரவரியில், குன்றத்தூருக்கு அருகே மலையம்பாக்கத்தில், ஒரு ரவுடியின் பிறந்தநாள் கொண்டாட்டத்தைக் காவல்துறை சுற்றிவளைத்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. அரிவாளால் கேக் வெட்டிய அந்தப் படம் தமிழ்நாடு முழுக்கப் போனது. படத்தைப் பார்த்துப் பையன்கள் அஞ்சினார்களா? பட்டாக்கத்தியால் கேக் வெட்டிப் படம் போட்டவர்கள் ஊர் ஊராகக் கைதாகும் செய்தி அதன்பின் வழக்கமாயிற்று. அவமானம் என்று நாம் நினைத்ததை அவர்கள் ‘கெத்து’ என்று வாசித்தார்கள்.

ஷாட் மருனா என்ற குற்றவியலாளர் லிவர்பூல் நகரில் குற்றத்தை விட்டவர்களையும் விடாதவர்களையும் உட்காரவைத்து அவரவர் வாழ்க்கையைச் சொல்லச் சொன்னார். 2001-ல் நூலாக வந்தது அந்த ஆய்வு. இரு தரப்பின் பின்னணியும் ஏறக்குறைய ஒன்றுதான்: வறுமை, உடைந்த குடும்பம், போதை. வேறுபட்டது, தங்களைப் பற்றி அவர்கள் சொல்லிக்கொண்ட கதை. விடாதவர்கள், ‘என் தலையெழுத்து இதுதான், இனி மாற வழியில்லை’ என்றார்கள். விட்டவர்கள், ‘அடியில் நான் நல்லவன், வழி தவறினேன், இனி மற்றவருக்கு உதவ வேண்டும்’ என்றார்கள். இப்போது நம் பழமொழியை மறுபடி சொல்லிப் பாருங்கள். விடாத குற்றவாளி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் அதே கதையைத்தான் நாம் அவன் காதில் ஓதிக்கொண்டிருக்கிறோம்.

3. ‘கண்காணித்தால் அடங்குவான்’: கண்காணிப்பு நடக்கும் விதம் தெரியுமா?

தெரிந்தால் இவ்வளவு நம்பிக்கை வராது. காவல் நிலை ஆணைகளின்படி ஒருவர் மேல் சரித்திரப் பதிவேடு, அதாவது அவரைக் கண்காணிப்பதற்கான ‘ஹிஸ்டரி ஷீட்’, திறக்கலாம். அதற்குக் கால வரம்பு உண்டு. நீட்டிக்க வேண்டுமானால் உயரதிகாரி காரணம் பார்த்து உத்தரவிட வேண்டும். ஆனால் புதிய வழக்கு ஏதுமில்லாதபோதும் இயந்திரம்போல அதை நீட்டிக்கொண்டே போவதைச் சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் கண்டித்திருக்கிறது. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமும், பின்தங்கிய, பட்டியல், பழங்குடி, சீர்மரபினச் சமூகத்தினரின் பெயர்கள் யோசனையில்லாமல் இந்தப் பதிவேடுகளில் ஏறுவதைக் கவலையோடு சுட்டிக்காட்டி, எல்லா மாநிலங்களும் தங்கள் நடைமுறையை மறுபார்வை செய்யச் சொன்னது.

பதிவேட்டில் பெயர் இருந்தால் என்ன ஆகும்? தேர்தல் வந்தால் கூப்பிடுவார்கள். திருவிழா வந்தால் கூப்பிடுவார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு பைக் காணாமல் போனால் இரவில் கதவைத் தட்டுவார்கள். ‘நூத்திப்பத்து போட்டாச்சு’ என்று ஸ்டேஷனில் சொல்லும் அந்த நன்னடத்தைப் பத்திரம் — பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110, இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 129 — எழுதி வாங்கப்படும். அந்தப் பத்திர அதிகாரத்தைக் காவல் துணை ஆணையர்கள் கையிலேயே கொடுத்திருந்த அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் ரத்து செய்தது. பிடிப்பவரே தீர்ப்பளிப்பவராகவும் இருக்கக் கூடாது என்ற எளிய நியாயம் அதில் இருக்கிறது. இவற்றுக்கு மேல் 1982-ஆம் ஆண்டுக் குண்டர் சட்டம்: தீர்ப்பே இல்லாமல் ஓராண்டு வரை அடைக்கலாம். தடுப்புக் காவலில் அதிகம் பேரை வைக்கும் மாநிலங்களின் முன்வரிசையில் தமிழ்நாடு இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு கடைக்காரர் மாமூலில் இருந்து தப்பித்துவிட்டாரா? இல்லை. காரணம் எளிது. பதிவேட்டில் இருப்பவன் நேற்றைய குற்றவாளி. நாளைய குற்றத்தைச் செய்யப்போகிற பதினெட்டு வயதுப் பையனின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இரவு ரோந்துக்குப் போக வேண்டிய இரண்டு காவலர்கள், பத்தாண்டாக வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் ஒருவரின் வீட்டு வாசலில் நின்று ‘இருக்கியா?’ என்று கேட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தக் கேள்வியைத் தெருவே கேட்கிறது. பட்டறை முதலாளியும் கேட்கிறார். மறுநாள் வேலை போகிறது. ஒரு மனிதனைக் குற்றத்திலிருந்து பிடித்து வைத்திருந்த ஒரே கயிற்றைக் காவலின் பெயராலேயே அறுத்துவிடுகிறோம்.

4. ‘அவனே தேடிக்கொண்டது’: அவன் மட்டும்தான் சுமக்கிறானா?

சுமப்பவர்களில் பெரும்பாலோர் குற்றவாளி என்று தீர்ப்பே பெறாதவர்கள். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 75.8 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள். தெரு அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. ‘உள்ளே போய் வந்தவன்’ என்ற ஒற்றைச் சொல்தான். அரசும் சில இடங்களில் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டுக் காவலர் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனை அளித்து நீதிமன்றம் விடுவித்த ஒருவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார்.

விடுதலையானவரின் பெயர் தேடுபொறியிலிருந்தும் விடுதலையாவதில்லை. குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒருவர், இணையத்தில் கிடக்கும் தீர்ப்பு நகலில் தன் பெயரை மறைக்கக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021-ல் மறுத்தார்கள். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்ன பிறகும், அந்தச் சொல் தன்னோடு வரட்டும் என்று ஒரு மனிதர் இத்தனை ஆண்டு வாசல் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

முத்திரை தனி ஆளோடு நின்றதும் இல்லை. 1871-ல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கு நீண்டது. பிறந்த சாதியே குற்றத்துக்குச் சான்று என்றது அந்தச் சட்டம். ஆண்கள் கைரேகை பதிக்க வேண்டும். ஊரை விட்டுப் போக அனுமதி வாங்க வேண்டும். இரவில் காவலின் கண்முன் இருக்க வேண்டும். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மேல் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். 1947-ல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது. ‘குற்றப் பரம்பரை’ என்ற பெயரைத் துடைத்துச் ‘சீர்மரபினர்’ என்று எழுதினோம். முத்திரையை அரசு நினைத்தால் அழிக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் மனம் இன்னும் சாகவில்லை. 2024 அக்டோபர் 3 அன்று, சிறைக் கையேடுகளில் சாதிப்படி வேலை ஒதுக்கும் விதிகளை உச்ச நீதிமன்றம் நீக்க வேண்டியிருந்தது.

தாம்பரத்தைச் சேர்ந்த பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனையும் நாம் மறக்கக் கூடாது. ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்டுச் செங்கல்பட்டில் சிறார்களுக்கான அரசு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். 2022 டிசம்பர் 31 அன்று இறந்தான். அவனை அடித்துக் கொன்றதாக இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். இப்படிப்பட்ட இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அரசு நியமித்தது. ஒரு பிள்ளையைப் பிள்ளையாகப் பார்க்காமல் ‘திருட்டுப் பயல்’ என்று மட்டும் பார்க்கும் கண் எங்கே போய் முடியும் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

5. ‘மறுவாழ்வெல்லாம் செய்து பார்த்தாயிற்று’: எப்போது செய்தோம்?

அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டோம். தொட்ட இடத்தில் பலன் கண்டோம். தமிழ்நாட்டுச் சிறைத்துறை ‘ஃப்ரீடம்’ என்ற பெயரில் நடத்தும் பெட்ரோல் பங்குகளில் கைதிகள் வேலை செய்கிறார்கள். 2023-ல் புழலில் பெண் கைதிகளே நடத்தும் பங்க் ஒன்றும் திறக்கப்பட்டது. வண்டிக்கு எரிபொருள் போட்டுப் பணத்தை எண்ணி வாங்கும் வேலை அது. கைதியை நம்பிக் கல்லாவைக் கொடுத்திருக்கிறது அரசு. அரசுக்கு வந்த அந்த நம்பிக்கை, தண்டனை முடிந்து வந்தவரிடம் தனியார் முதலாளிக்கு ஏன் வரக் கூடாது? சென்னைக் காவல்துறை, முதல்முறை சிறைக்கு வந்த இளைஞர்களுக்கென்று ‘பறவை’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. நல்ல பெயர். ஆனால் பறவை இறங்குவதற்குக் கிளை வேண்டும்.

சட்டத்திலும் விதை இருக்கிறது. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 12-வது பிரிவு, அந்தச் சட்டத்தின்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் ‘புதிய தொடக்கம்’ என்பதையே ஒரு கோட்பாடாக வைத்திருக்கிறது. சிறாரின் பழைய பதிவுகளை, விதிவிலக்கான வழக்குகள் தவிர, அழித்துவிட வேண்டும். நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடக் காவல்துறை அவற்றை வெளியிடக் கூடாது. அப்படியானால் பதினேழு வயது பதினோரு மாதத்தில் தவறியவனுக்குப் புதிய தொடக்கம். பதினெட்டு வயது ஒரு மாதத்தில் தவறியவனுக்கு ஆயுள் முழுக்க முத்திரை. இந்த இடைவெளியை எந்த நியாயத்தால் காப்பாற்றுவீர்கள்?

வேறு நாடுகள் பெரியவர்களுக்கும் இந்த வழியைத் திறந்துவிட்டன. பிரிட்டனில் 1974 முதலே, குறிப்பிட்ட காலம் குற்றமின்றி வாழ்ந்தவரின் பழைய தண்டனையைத் ‘தீர்ந்துபோனதாக’க் கருதும் சட்டம் இருக்கிறது. தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக உள்ள சிங்கப்பூரைப் பாருங்கள். சட்டத்தைச் சற்றும் தளர்த்தாத நாடு என்று நம்மவர்கள் மேடைதோறும் புகழ்வது அதைத்தான். அந்த நாடுதான் 2004-ல் மஞ்சள் ரிப்பன் திட்டத்தைத் தொடங்கி, சிறையிலிருந்து வருபவரை ஏற்றுக்கொள்ளும்படி குடும்பங்களையும் முதலாளிகளையும் கேட்டது. சிறு குற்றங்களுக்கு, ஐந்து ஆண்டு ஒழுங்காக இருந்தால் பழைய பதிவு தீர்ந்ததாகும் சட்டமும் அங்கே உண்டு. கண்டிப்பும் வரவேற்பும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

தமிழ் இலக்கணமே இதை நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. திருந்துதல் தன்வினை, திருத்துதல் பிறவினை. திருந்த வேண்டியவன் அவன்தான். அவனுக்காக இன்னொருவர் திருந்த முடியாது. ஆனால் காடு தானாகக் கழனி ஆனதில்லை. ‘நிலம் திருத்தினார்கள்’ என்று சொல்கிறோம். முள்ளை வெட்டி, மேட்டைச் சமன்படுத்தி, வாய்க்கால் இழுத்து நீர் விட்டார்கள் என்று பொருள். நாமோ வாய்க்காலை அடைத்துவிட்டு, ‘ஏன் விளையவில்லை?’ என்று கேட்கிறோம்.

6. ‘பாதிக்கப்பட்டவருக்கு என்ன பதில்?’: இதுதான் மிக வலுவான கேள்வி.

இதற்கு முகம் திருப்பிக்கொண்டு போகிற எவருக்கும் இந்த விவாதத்தில் பேசத் தகுதியில்லை. மகனை வெட்டுக்குப் பறிகொடுத்த தாயிடம் மன்னிக்கச் சொல்ல எனக்கும் உங்களுக்கும் அதிகாரம் இல்லை. மன்னிப்பு அவருடையது. கொடுக்கலாம், கடைசிவரை கொடுக்காமலும் இருக்கலாம். தண்டனையைக் குறைக்கச் சொல்லியும் நான் இங்கே வாதிடவில்லை. நீதிமன்றம் பத்தாண்டு என்றால் பத்தாண்டு. நான் கேட்பது பதினோராவது ஆண்டைப் பற்றி. அந்த ஆண்டில் நாம் தெருவில் நின்று தொடங்கும் இரண்டாவது தண்டனைக்கு எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது? அதற்குக் கால எல்லை என்ன? மேல்முறையீடு எங்கே?

இரண்டாவது தண்டனையால் அந்தத் தாய்க்கு ஒன்றும் திரும்பி வரவில்லை. அவருக்கு வேண்டியது விரைவான விசாரணை, சாட்சிக்குப் பாதுகாப்பு, உரிய இழப்பீடு, தன் தெருவில் பயமில்லாமல் நடக்கும் நிலை. குற்றவாளியின் பெயரை முப்பது ஆண்டு பதிவேட்டில் வைத்திருப்பது இவற்றில் ஒன்றையும் தரவில்லை. மாறாக, வெளியே வந்தவனுக்கு அரிவாளைத் தவிர வேறு பிழைப்பு இல்லையென்றால், அடுத்து இன்னொரு தாய் அழுவார். அந்த இரண்டாவது தாய்க்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

எல்லாக் குற்றத்தையும் ஒரே தட்டில் வைக்கவும் நான் சொல்லவில்லை. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றவரைப் பள்ளியில் வேலைக்கு வைக்கக் கூடாது. அது குறிப்பிட்ட ஆபத்துக்கு, குறிப்பிட்ட இடத்தில் போடும் வேலி. எல்லா வேலைக்கும், எல்லா வீட்டுக்கும், எல்லாக் காலத்துக்கும் போடுவது வேலி அல்ல, ஊர்விலக்கு.

7. ‘கறாராக இருப்பதுதான் நம் பண்பாடு’: எந்தப் பண்பாடு?

குன்றத்தூரில் நின்றுகொண்டு இதைச் சொல்லாதீர்கள். இது சேக்கிழார் பிறந்த ஊர். அவர் எழுப்பிய திருநாகேஸ்வரம் கோயில் இன்னும் நம் நடுவில் நிற்கிறது. அவர் சோழ அரசில் பெரிய பதவி வகித்தவர். தண்டனையும் ஆட்சியும் அறியாத ஏட்டுப் புலவர் அல்லர். அவர் பாடிய அடியார் வரிசையில் பக்கத்துத் திருவேற்காட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் சூதாடி. ஆட்டத்தில் ஏமாற்றி மறுப்பவரைச் சுரிகையை உருவிக் குத்துபவர். அதனால் ‘மூர்க்கர்’ என்று பெயர் பெற்றவர். அவர் சூதை விட்டார் என்று சேக்கிழார் கதையை அழகுபடுத்தவில்லை, கத்தியையும் மறைக்கவில்லை. ஆனால் வென்ற பொருளையெல்லாம் அடியார்களுக்குச் சோறு போடுவதற்கே கொடுத்து, கடைசிப் பந்தியில் தான் உண்டவர் என்பதையும் அதே மூச்சில் சொல்கிறார். மூர்க்கர் என்ற பெயரை எடுத்துவிடாமல், அதன் பின்னால் ‘நாயனார்’ என்பதைச் சேர்த்தார். ஒரு மனிதனை அவன் செய்த மிகக் கெட்ட காரியத்தால் மட்டும் அளக்கக் கூடாது என்பதை இதைவிடத் துணிச்சலாகச் சொல்ல முடியுமா?

மணிமேகலையில் ஒரு காதையின் பெயரே ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’. அரசன் ‘என்ன வேண்டும்?’ என்று கேட்டபோது, பசி தீர்க்கும் பாத்திரம் ஏந்திய பெண், சிறைச்சாலையை அறச்சாலையாக்கித் தரும்படி கேட்கிறாள். அரசனும் இசைகிறான். நம் பண்பாடு என்று சொல்வதானால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியவை

காவல்துறை மாநில அரசின் கையில் உள்ள துறை. சரித்திரப் பதிவேட்டுக்கு மீற முடியாத கால வரம்பு வைக்கலாம். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் எழுத்தில் காரணம் வேண்டும், அதன் நகல் சம்பந்தப்பட்டவருக்குக் கிடைக்க வேண்டும், அவர் மறுத்துப் பேச ஓர் இடம் வேண்டும். குற்றத்தின் கடுமைக்கேற்ப ஆண்டுகளை வகுத்து, அத்தனை ஆண்டும் ஒழுங்காக வாழ்ந்தவரின் பழைய வழக்கு சரிபார்ப்புச் சான்றில் வராதபடி சட்டம் செய்யலாம். விடுதலையானவர், விசாரணையில் மட்டும் இருப்பவர், தண்டனை பெற்றவர் என்ற வேறுபாட்டைச் சான்றில் கட்டாயமாக்கலாம். ஊடகங்கள் பட்டப்பெயரைத் தலைப்பாக்குவதை நிறுத்தலாம். ஒரு பையனுக்கு விளம்பரம் கொடுக்காமல் இருப்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

சட்டம் வர நாளாகும். அதுவரை காத்திருக்க வேண்டாத ஒன்றும் இருக்கிறது. அது நம் வீட்டு வாசலில் நடப்பது. நாளை ஒருவர் உங்கள் மாடிப் போர்ஷனுக்கு வாடகை கேட்டு வரலாம், உங்கள் பட்டறையில் வேலை கேட்டு வரலாம். ‘அவன் உள்ளே போய் வந்தவன்’ என்று யாராவது உங்கள் காதில் சொல்வார்கள். அப்போது ‘என்ன செய்தான்?’ என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், ‘அதன்பின் எத்தனை வருடமாக ஒழுங்காக இருக்கிறான்?’ என்றும் கேளுங்கள். எட்டு வருடம் என்று பதில் வந்தால், சாவியைக் கொடுங்கள்.